திமிங்கலத்துக்கு ஹாரன் அடிக்கச் சொல்லும் அறிவாளிகளுக்கு

கப்பல் இடித்துத் திமிங்கலம் சாவதைத் தடுப்பது பற்றி ஞாயிற்றுக்கிழமை நடந்த கூட்டத்தின் வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கப்பலின் மூக்கில் தண்ணீருக்கடியில் ஒலிபெருக்கி வைத்துச் சத்தம் எழுப்பினால் திமிங்கலம் விலகிப் போய்விடுமாம், மோதலே நடக்காதாம். கைதட்டல். நான் எழுந்து ஒரு கேள்வி கேட்டதற்கு, "அண்ணாச்சி, மீன் பிடிக்கிறது வேற, சயின்ஸ் வேற" என்றார் மேடையில் இருந்த தம்பி. அதற்கும் கைதட்டல். சரி.

சயின்ஸையே சொல்கிறேன் தம்பி. கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் ரைட் திமிங்கலங்கள் என்ற வகைமேல் கருவி ஒட்டி இதைச் சோதித்து, 2004இல் முடிவும் வெளியிட்டுவிட்டார்கள். கப்பல் சத்தத்தை அவை கண்டுகொள்ளவே இல்லை. எச்சரிக்கை ஒலியைப் போட்டதும் ஆறில் ஐந்து விறுவிறுவென்று மேலே ஏறி வந்து, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழேயே கிடந்தன. கப்பல் இடிப்பதும் அங்கேதானே! ரோட்டோரம் படுத்திருக்கும் மாடு ஹாரன் கேட்டு எழுந்து நடுரோட்டுக்கு வருமே, அந்தக் கதை.

"அப்போ திமிங்கலம் சாகட்டுமா?" என்று இன்பாக்ஸில் ஒருவர். ஐயா, வேகத்தைக் குறைக்கச் சொல்கிறேன். 15 நாட் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில் இடித்தால் ஐந்தில் நான்கு பங்கு சாவுதான், வேகம் 9 நாட்-க்குக் கீழே வந்தால் ஐந்தில் ஒன்று என்று 2007இலேயே கணக்குப் போட்டிருக்கிறார்கள். அமெரிக்கா 2008இல், ரைட் திமிங்கலங்கள் வரும் இடங்களில் சீசனுக்கு 10 நாட் என்று வரம்பு வைத்தது. இல்லையா, பாதையை மாற்று. இலங்கைக்குத் தெற்கே நீலத் திமிங்கலங்களுக்காக எம்.எஸ்.சி என்ற கப்பல் நிறுவனம் 2022இல் தன் கப்பல்களை 15 கடல் மைல் தள்ளி ஓட்டவில்லையா? மனசு வைத்தால் முடிகிறதே.

ஒலியே வேண்டாம் என்று நான் எங்கும் சொல்லவில்லை. பாஸ்டன் பக்கம் மிதவைகளில் மைக் கட்டி, திமிங்கலக் குரல் கேட்டால் கேப்டனிடம் மெல்லப் போகச் சொல்கிறார்கள். அங்கே எச்சரிக்கை போவது கேப்டனுக்கு.

சித்தப்பாவோடு தங்கலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்க, போன காலத்தில் ஒரு ராத்திரி கப்பல் நேரே எங்கள் போட்டைப் பார்த்து வந்தது. வயர்லெஸில், ஆபத்துக்கு எல்லோரும் அழைக்கும் பதினாறாம் சேனலில் கத்தினோம், பதில் இல்லை. டார்ச் அடித்தோம். சித்தப்பா சட்டையைக் கழற்றி, டீசலில் முக்கி, கம்பில் சுற்றிக் கொளுத்தி ஆட்டினார். அவர் புருவம் பொசுங்கிய நாற்றம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. இன்ஜின் இரைச்சல் காதில் விழுந்தபோது கப்பல் பக்கவாட்டில் உரசுகிற மாதிரி கடந்துகொண்டிருந்தது. தண்ணீருக்கடியிலும் இதேதான்: கப்பலைத் தள்ளும் விசிறி பின்னால் சுற்றுகிறது, கப்பலின் உடம்பே அந்தச் சத்தத்தை முன்பக்கம் போகவிடாமல் மறைக்கிறது.

"மீனவர் பிரச்சினையை ஏன் இதில் இழுக்கிறாய்?" ஏன் இழுக்கக் கூடாது? 2018இல் கேரளாவின் முனம்பத்திலிருந்து போன போட்டைக் கப்பல் இடித்துச் செத்தவர்களில் பெரும்பாலோர் எங்கள் குமரி மாவட்டத்துக்காரர்கள். திமிங்கலத்துக்காவது ஒரு கூட்டம் போட்டு, டீயும் வடையும் கொடுத்து, ஒலிபெருக்கி வைக்கலாமா என்று யோசிக்கிறீர்கள். சந்தோஷம்.

2024 ஜூலை முதல் பக்கத்தில் இருக்கும் கேரளாவின் விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு மதர்ஷிப் எனும் பெரிய கன்டெய்னர் கப்பல்கள் வருகின்றன. எங்கள் கரைக்கு நேரே அவை எத்தனை நாட் வேகத்தில் ஓடுகின்றன? ஞாயிற்றுக்கிழமை நான் கேட்டது இதைத்தான். பதில் தெரிந்தவர்கள் கமெண்டில் வாருங்கள். கைதட்ட வந்தவர்கள் அப்படியே போகலாம்.