பூட்டுக்குக் காசு கிடையாது, களவு போனால் நாங்கள் திருடர்கள்!

கடைக்காரர் பெயரில் மெயிலில் வந்த போலி பில்லை நம்பி, எங்கள் அறக்கட்டளையின் நோட்டுப் புத்தகப் பணம் 86,000 ரூபாய் போன கதை இரண்டு நாளாக இங்கே ஃபேஸ்புக்கில் ஓடுகிறது. விரிவாகத் திரும்பச் சொல்லப் போவதில்லை. அந்தப் பதிவின் கீழே ஒருவர், 'கணக்கு காட்ட முடியாதவனுக்கெல்லாம் இப்ப ஹேக்கர்தான் கடவுள்' என்று எழுதியிருந்தார். வரிசையாகச் சிரிப்பு எமோஜி. சிரித்தவர்களில் நான்கு பேர் எங்கள் ஆண்டு விழாவில் பொன்னாடை போர்த்திக்கொண்டவர்கள்.

சரி, கணக்கே பேசுவோம். எங்கள் அறக்கட்டளையின் கம்ப்யூட்டர் ஏதோ ஆபீஸில் கழித்துக் கட்டியது. விண்டோஸ் 7. மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியிலேயே பாதுகாப்பு அப்டேட்டை நிறுத்திக் கைகழுவிய சரக்கு. மெயில் பாஸ்வேர்டு மானிட்டர் ஓரத்தில் மஞ்சள் சீட்டில் ஒட்டியிருக்கும், ஐந்து பேருக்கும் அது ஒன்றுதான். போன வருடக் கூட்டத்தில் புதிது கேட்டேன். "அந்தக் காசுக்கு நாலு பிள்ளைக்கு ஃபீஸ் கட்டலாமே தம்பி" என்றார் ஒரு நன்கொடையாளர். கைதட்டல். வெட்கமாக இருக்கிறது, நானும் தட்டினேன்.

ஒவ்வொரு ரூபாயும் பிள்ளைகளுக்கே போகணும் என்கிறீர்களே, அந்தப் பிள்ளைகளின் ஆதார் நகல், யாருக்கு அப்பா இல்லை, யாருடைய அம்மாவுக்கு என்ன நோய், எல்லாம் இருப்பது அந்த ஓட்டைக் கம்ப்யூட்டரில்தான். பூட்டு வாங்கக் காசு தர மாட்டீர்கள்.

'கடைக்காரருக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே?' போட்டிருக்கலாம். தப்புதான். ஆனால் சேவ் த சில்ட்ரன் என்ற உலகளாவிய குழந்தைகள் நல அமைப்பின் அமெரிக்கப் பிரிவு 2017இல் இதே வித்தையில்தான் ஏமாந்தது. ஊழியர் ஒருவரின் மெயிலுக்குள் புகுந்து, பாகிஸ்தான் மருத்துவ மையங்களுக்குச் சோலார் பேனல் என்று போலி பில் அனுப்ப, கிட்டத்தட்ட 10 லட்சம் டாலர் போனது. அவர்களிடம் இன்சூரன்ஸ் இருந்தது, பெரும்பகுதி திரும்பி வந்தது. எங்களிடம் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குப் போட்ட புகாரின் எண் மட்டும் இருக்கிறது.

'உங்ககிட்ட திருட என்ன இருக்கு' என்பவர்களுக்கு: சர்வதேசச் செஞ்சிலுவைச் சங்கத்தின் கம்ப்யூட்டர்களுக்குள் 2021 நவம்பர் 9 அன்று புகுந்தவர்களை 2022 ஜனவரி 18 அன்றுதான் கண்டுபிடித்தார்கள். போரிலும் பேரிடரிலும் குடும்பத்தைத் தொலைத்தவர்கள், காணாமல் போனவர்கள் என்று 5,15,000 பேருக்கு மேல் விவரம். மென்பொருள் ஓட்டையை அடைக்கும் அப்டேட்டான பேட்ச் ஒன்றை நேரத்தில் போடாததுதான் காரணம். அங்கே யாரும் பொன்னாடையைத் திருப்பிக் கேட்டதாகத் தெரியவில்லை.

எங்கள் பொருளாளர் சார் ஓய்வு பெற்ற வாத்தியார். பஸ் டிக்கெட்டைக்கூட நோட்டில் ஒட்டி வைப்பவர். நேற்றுக் காலை பென்ஷன் பாஸ்புக்கோடு வந்து நின்றார். "மாசம் பத்தாயிரமா எடுத்துக்கப்பா." வாங்கவில்லை. அவர் ஃபேஸ்புக்கிலேயே கிடையாது. அந்தக் கமெண்டை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து யாரோ அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள். யாரென்று எனக்குத் தெரியும்.