விழவே முடியாத ஸ்கேட்டிங்: ரோலர்டிரோம் பற்றி நான் உண்மையில் சொன்னது

நேற்று கேமிங் குரூப்பில் நடந்தது உங்களில் பெரும்பாலானோருக்குத் தெரியும், அதனால் முழுக்கதையையும் மறுபடி சொல்லப் போவதில்லை. ரோலர்டிரோம் என்ற வீடியோ கேம் பற்றி நான் போட்ட நீளமான கமென்டில் ஒரே ஒரு வரியை ஒருவர் வெட்டி எடுத்து, மூடிப்போன ஸ்டுடியோ மேல் கல்லெறிகிறார்கள் என்று தனிப் பதிவு போட்டு, அதற்கு வரிசையாகச் சிரிப்பு எமோஜி விழுந்து, கடைசியில் ஒரு தம்பி வந்து "அக்கா, உங்களுக்குக் கை வரல, அதுக்கு கேமைக் குறை சொல்லாதீங்க" என்று தீர்ப்பும் எழுதிவிட்டார். ராத்திரி அங்கேயே பதில் எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். பிறகு அங்கே வேண்டாம், என் பக்கத்திலேயே முழுசாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

நான் சொன்னது இதுதான். இந்த கேமில் ஸ்கேட்டிங் செய்கிறவள் விழுவதே இல்லை. எப்படிக் குதித்தாலும், எத்தனை சுற்று சுற்றினாலும், பாதி ட்ரிக்கில் தரை வந்துவிட்டாலும் காரா ஹசன் ஒரு உருளல் உருண்டு காலில் நின்றுவிடுவாள். விழ வாய்ப்பே இல்லாத இடத்தில் செய்யும் ட்ரிக் எனக்கு ட்ரிக்காகத் தெரியவில்லை. இவ்வளவுதான் என் புகார். இதைச் சொன்னதற்குத்தான் இவ்வளவும்.

கேமை விளையாடாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். லண்டனில் இருந்த ரோல்7 என்ற ஸ்டுடியோ செய்தது, 2022 ஆகஸ்டில் வந்தது. கதை 2030இல் நடக்கிறது. மேட்டர்ஹார்ன் என்ற பெரிய கம்பெனி நடத்தும் ரத்தம் தெறிக்கும் டிவி விளையாட்டு. காலில் ரோலர் ஸ்கேட், கையில் துப்பாக்கி, அரங்கு முழுக்க உங்களைக் கொல்ல நிற்கும் ஆட்கள். அந்த ஆட்களைக் கொன்றால் உயிர் ஏறும். ட்ரிக் செய்தால் தோட்டா நிரம்பும். அதாவது சுட்டுக்கொண்டே இருக்க வேண்டுமானால் ஸ்கேட் செய்துகொண்டே இருக்க வேண்டும். இந்த யோசனையை முதன்முதலில் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இன்றைக்கும் சொல்கிறேன், இவ்வளவு அழகான யோசனை துப்பாக்கி கேம்களில் அபூர்வம். எழுபதுகளின் காமிக்ஸ் புத்தகத்துக்குள் நுழைந்ததுபோல அந்தத் தடித்த கோடுகள், தட்டையான வண்ணங்கள், எலெக்ட்ரிக் டிராகன் என்ற இசையமைப்பாளரின் சின்தசைஸர் இசை, எல்லாம் எனக்குப் பிடிக்கும். இதையெல்லாம் அந்த கமென்டிலேயே எழுதியிருந்தேன். வெட்டியவர் அந்த வரிகளை எடுக்கவில்லை.

இப்போது அதே கேமில் சுடும் பக்கத்தைப் பாருங்கள். ஷாட்கன்னைச் சும்மா அழுத்தினால் சாதாரணச் சூடு. சரியான கணத்தில் அழுத்தினால்தான் ஸ்லக் ஷாட் என்ற பலமான சூடு. தூரத்தில் இருந்து சுடும் ஸ்னைப்பரின் லேசர் கோடு உங்கள் மேல் விழுந்தால் சும்மா உருண்டால் தப்பிக்கலாம். கடைசி நொடியில் உருண்டு, உடனே நேரத்தை மெதுவாக்கும் ரிஃப்ளெக்ஸ் டைமை இழுத்தால் சூப்பர் ரிஃப்ளெக்ஸ் கிடைத்து உங்கள் சூடு பலமடங்காகிறது. ஒவ்வொன்றிலும் நேரம் பார்க்கச் சொல்கிறது, துணிந்தால் கூடுதலாகக் கொடுக்கிறது, பிசகினால் அதற்கான விலையை வாங்குகிறது. இவர்களுக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. சுடுவதற்கு இத்தனை நுணுக்கம் வைத்தவர்கள், தரையிறங்குவதற்கு எதையுமே கேட்கவில்லை. கிராப், ஸ்பின், கிரைண்ட், வால்ரைடு என்ற ட்ரிக்குகள் எல்லாம் தோட்டா தீர்ந்தால் போய் நிரப்பிக்கொண்டு வரும் வேலையாகிவிட்டது. குழாயடியில் குடத்தை வைத்து நிரம்பும்வரை நிற்கிற மாதிரி, ரேம்ப்புக்குப் போய் ஒரு பட்டனைப் பிடித்துக்கொண்டு நிரம்பியதும் திரும்பிவிடுகிறேன். கண் முழுக்க எதிரிமேல். காலைப் பார்க்கவே தேவையில்லை. ஸ்கேட்டிங் கேமில் காலைப் பார்க்கத் தேவையில்லை என்றால் அது குறை இல்லையா?

எனக்கு ஸ்கேட்டிங் கேம் புதிது இல்லை. மாமா வீட்டில் பிளேஸ்டேஷன் 2 இருந்தது, விடுமுறை முழுக்க டோனி ஹாக்ஸ் ப்ரோ ஸ்கேட்டர் 3 தான். மாமா பையன்கள் கன்ட்ரோலரைத் தர மாட்டார்கள், விழுந்தால்தான் அடுத்த ஆளுக்கு. அதனால் அந்த வீட்டில் ஒருவர் விழுவதற்காக மற்ற எல்லாரும் காத்திருப்போம். அந்த மூன்றாம் பாகத்தில்தான் ரிவர்ட் வந்தது. பெரிய ரேம்ப்பில் குதித்து இறங்கியதும் ஒரு பட்டன், அங்கிருந்து மேனுவல் (இரண்டே சக்கரத்தில் ஓட்டுவது), அங்கிருந்து அடுத்த கிரைண்ட் (விளிம்பில் சறுக்குவது) என்று காம்போவை, அதாவது ட்ரிக் தொடரை, இழுத்துக்கொண்டே போகலாம். ஸ்கோர் ஏற ஏற அறையில் சத்தம் ஏறும். இன்னொன்று சேர்க்கலாமா, இத்தோடு இறங்கிவிடலாமா என்று ஒரு கணம் வரும் பாருங்கள், அந்தக் கணம்தான் அந்த கேமே. பேராசைப்பட்டு விழுந்தால் அந்தக் காம்போ மொத்தமும் போச்சு, ஒரு பாயின்ட் கூடக் கிடைக்காது. சரியாக இறங்கினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி கத்துவோம். ரோலர்டிரோமில் அந்தக் கணம் எனக்கு ஒருமுறை கூட வரவில்லை. ஸ்லக் ஷாட்டில் வந்தது. ஸ்கேட்டிங்கில் வரவில்லை.

இதில் கூடுதலாக வலிப்பது, இதைச் செய்தவர்கள் ரோல்7 என்பது. 2014இல் ஒல்லிஒல்லி என்ற ஸ்கேட்போர்டு கேமை பிளேஸ்டேஷன் வீட்டா என்ற கையடக்கக் கருவியில் கொண்டுவந்தவர்கள் இவர்கள்தான். அந்த கேமின் உயிரே தரையிறங்குவதில் இருந்தது. சக்கரம் தரையைத் தொடும் கணத்தில் பட்டனை அழுத்த வேண்டும், கொஞ்சம் தவறினாலும் அவ்வளவு நேரம் சேர்த்த பாயின்டில் பெரும்பகுதி போய்விடும். ஸ்கேட்டிங் கேம்களில் தரையிறங்குவதற்கு இவர்கள் அளவுக்கு மரியாதை கொடுத்தவர்கள் குறைவு. தெரியாதவர்கள் விட்டிருந்தால் நான் கண்டுகொண்டிருக்கவே மாட்டேன்.

சரி, எனக்குச் சொல்லப்பட்ட பதில்களுக்கு வருகிறேன்.

முதல் பதில், நாலு பக்கமும் ராக்கெட் வரும்போது விழவும் வைத்தால் யார் விளையாடுவார்கள் என்பது. இது நியாயமான கேள்வி, ஒத்துக்கொள்கிறேன். விழுந்து, எழுந்து, அதற்குள் மூன்று பேர் சுட்டு, மறுபடி முதலில் இருந்து என்றால் எரிச்சல்தான் வரும். ஆனால் விழ வைப்பது ஒன்றுதானா வழி? சரியாக இறங்கினால் முழுத் தோட்டா, பிசகினால் பாதி என்று வைத்திருக்கலாம். வேகம் குறைந்து சில நொடி தடுமாறுகிற மாதிரி வைத்திருக்கலாம். ஸ்லக் ஷாட்டை யோசித்தவர்களுக்கு இதை யோசிக்க முடியாதா? விலை ஏதாவது ஒன்று இருந்தால் போதும் என்றுதான் சொல்கிறேன். கீழே விழுந்து முட்டி உடைய வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

இரண்டாவது, ஸ்கோர் பட்டியலில் மேலே போக நினைப்பவர்கள் விதவிதமாக ட்ரிக் போட்டாக வேண்டும், நீங்கள் அந்த அளவுக்குப் போகவில்லை என்பது. போனேன். முதல் சுற்று முடித்து, அதற்குப் பிறகு வரும் அவுட் ஃபார் பிளட் என்ற கடினமான சுற்றும் விளையாடினேன். அங்கே எதிரிகள்தான் கடினமாகிறார்கள், ஸ்கேட்டிங் அதேதான். விதவிதமாகச் செய்வது வேறு, செய்ததைச் சரியாக முடிப்பது வேறு. பத்து விதமான ட்ரிக்கைப் பயமில்லாமல் செய்யலாம் என்றால் அது பத்து பட்டன்களை மனப்பாடம் செய்வது மட்டும்தான்.

மூன்றாவது, பாஃப்டா என்ற பிரிட்டிஷ் விருது வாங்கிய கேம், நீங்கள் யார் சொல்ல என்பது. ஆமாம், 2023இல் சிறந்த பிரிட்டிஷ் கேம் விருது வாங்கியது, தகுதியான விருதுதான். விருது வாங்கிய கேமில் குறை சொல்லக் கூடாது என்றால் சினிமாவில் இருந்து சமையல் வரை எதைப்பற்றியும் இங்கே யாரும் பேச முடியாது. காசு கொடுத்து வாங்கி, முடித்து, யோசித்துச் சொல்கிறேன். வேறு என்ன தகுதி வேண்டும்?

கதையைப் பற்றியும் ஒரு வரி சொல்லியிருந்தேன், அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. சுற்றுகளுக்கு நடுவே காராவின் கண் வழியாக அறைகளில் நடந்து, கடிதங்களையும் செய்தித்தாள்களையும் புரட்டி, மேட்டர்ஹார்ன் என்ன செய்கிறது என்று மெதுவாகத் தெரிந்துகொள்ளும் பகுதிகள் இருக்கின்றன. அவை நன்றாகவே இருக்கின்றன, ஆனால் சூடு பிடிக்கும்போது அடுத்த அரங்குக்கு அனுப்பிவிடுகிறார்கள். அவ்வளவுதான், அதை விடுங்கள்.

என்னை உண்மையாகக் கஷ்டப்படுத்தியது "கை வரல" என்ற வார்த்தை. கேமிலேயே உதவி வசதிகள் இருக்கின்றன, வேகத்தைக் குறைக்கலாம், அடிபடாமல் விளையாடலாம், தோட்டா தீராமல் வைக்கலாம். கை வலி உள்ளவர்கள், புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் உள்ளே வரட்டும் என்று வைத்த நல்ல வசதிகள் அவை. நான் அவற்றைப் பயன்படுத்தவில்லை, பயன்படுத்தியிருந்தாலும் என் கருத்துக்கு மதிப்புக் குறையாது. இந்த கேமில் ஸ்கேட்டிங் சுலபமாக இருக்கிறது என்பதுதான் என் புகார், அதைச் சொன்னவளிடம் உனக்குக் கஷ்டமாக இருக்கிறது என்று எப்படிச் சொல்ல முடிகிறது? படிக்காமல்தானே? அதே குரூப்பில் ஒரு மாதம் முன்னால் ஓர் அண்ணன் இதே கேமில் ஸ்னைப்பர்கள் அதிகம், ஓட்டம் தடைபடுகிறது என்று எழுதினார். அவருக்கு நாற்பது பேர் வந்து, ஆமாம் அண்ணே, சரியான பாயின்ட் அண்ணே என்றார்கள். அவர் கை பற்றி யாரும் கேட்கவில்லை. நான் சொன்னால் மட்டும் ஏன் என் கைக்குப் போகிறீர்கள்? நான் கேம் பற்றிப் பேசினால் பதிலும் கேம் பற்றி வர வேண்டும், இது பெரிய கோரிக்கையா?

என் மகள் இப்போது ஸ்கேட்டிங் வகுப்புக்குப் போகிறாள். முதல் நாள் கோச் அவளுக்கு ஓடச் சொல்லிக் கொடுக்கவில்லை. முட்டியை மடக்கி முன்பக்கமாக விழு, பின்னால் விழாதே, விரலை மூடிக்கொள் என்று விழத்தான் சொல்லிக் கொடுத்தார். எத்தனையோ தடவை விழுந்துவிட்டுத்தான் ஒரு முழு வட்டம் அடித்தாள். அடித்து முடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்த அந்த முகத்தைப் பார்த்தவளிடம் போய் விழாமல் இருப்பதுதான் வசதி என்று சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்? கேமும் நிஜமும் ஒன்றில்லை என்பீர்கள். தெரியும். நான் எந்த கேமிலும் நிஜம் கேட்கிறவள் இல்லை. ஆனால் ஸ்கேட்டைக் காலில் மாட்டிவிட்டு அந்த உணர்வை மட்டும் எடுத்துவிடாதீர்கள் என்கிறேன்.

மூடிப்போன ஸ்டுடியோ மேல் கல்லெறிகிறேன் என்பதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன், இதுதான் ராத்திரி முழுக்க மனதில் ஓடியது. 2021 நவம்பரில் டேக்-டூ என்ற பெரிய கேம் கம்பெனி ரோல்7ஐ வாங்கியது. 2022இல் ஒரே வருடத்தில் ஒல்லிஒல்லி வேர்ல்டும் ரோலர்டிரோமும் என்று இரண்டு கேம்களைக் கொடுத்தார்கள். 2024 ஏப்ரலில் டேக்-டூ தன் ஊழியர்களில் 5 சதவீதம் பேரைக் குறைப்பதாக அறிவித்தது, அடுத்த மாதமே ரோல்7 மூடப்படுகிறது என்று செய்தி வந்தது. விருது வாங்கி ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் மேல்தான் ஆகியிருந்தது. அன்றைக்கு நான் எழுதியது இதே பக்கத்தில் இருக்கிறது, கீழே போய்ப் பாருங்கள். இன்றைக்கு என்னைத் திட்டுகிறவர்களில் எத்தனை பேர் அன்றைக்கு ஒரு வரி எழுதினீர்கள்? அவர்களை மூடியது என் கமென்ட் இல்லை, ஒரு கம்பெனியின் கணக்குப் புத்தகம். கோபம் இருந்தால் அங்கே போக வேண்டும். குறை சொல்பவர்கள் இருக்கும்வரைதான் ஒரு கேம் பேச்சில் இருக்கிறது. ஆஹா ஓஹோ என்று மட்டும் சொல்லி அலமாரியில் வைத்துவிட்டால் அடுத்து இப்படி ஒரு கேம் செய்கிற யாருக்கும் இதிலிருந்து கற்றுக்கொள்ள ஒன்றுமே இருக்காது. ட்ரிக்கையும் துப்பாக்கியையும் இவ்வளவு நெருக்கமாகச் சேர்க்க முடியும் என்று இவர்கள் காட்டிவிட்டார்கள், தரையிறங்குவதையும் அதில் சேர்ப்பது அடுத்து வருகிறவர்கள் வேலை.

"வெறும் கேம்தானே, ஏன் இவ்வளவு எழுதணும்" என்று வருகிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை, தாண்டிப் போங்கள்.

மற்றவர்கள் தாராளமாக மறுக்கலாம். முக்கியமாக ஸ்னைப்பர் விஷயத்தில் அந்த அண்ணன் சொன்னது எனக்கு உடன்பாடில்லை. அந்த லேசர் கோடு இல்லாவிட்டால் சூப்பர் ரிஃப்ளெக்ஸுக்கு வேலையே இருக்காது என்று நினைக்கிறேன். அதைப் பற்றிக் கமென்டில் பேசலாம். என் கையைப் பற்றி எழுதினால் நீக்கிவிடுவேன்.