மழைக்காலத்தில் மண் ரோட்டை விட்டுவிடுவோமா?

ஜூன் மாதம் முதல் மழை விழுந்ததும் பெங்களூரில் ஃபோர் பை ஃபோர் (நாலு சக்கரத்துக்கும் எஞ்சின் இழுவை போகும் வண்டி) வைத்திருப்பவர்களின் வாட்ஸ்அப் குழுக்கள் சூடாகிவிடும். சக்லேஷ்பூரா, குடகா, இல்லை பக்கத்திலேயே கனகபுரா தாண்டியா என்று விவாதம் ஓடும். வருடம் முழுக்க சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் முதல் கியரில் நகர்ந்துகொண்டிருந்த மஹிந்திரா தார்களுக்கும் மாருதி ஜிம்னிகளுக்கும் அப்போதுதான் உயிர் வருகிறது. சேறு தெறிக்க வேண்டும், வண்டி மாட்ட வேண்டும், வின்ச் (வண்டியில் பொருத்திய, கம்பி வடம் சுற்றி இழுக்கும் கருவி) போட்டு இழுக்க வேண்டும், அதையெல்லாம் ரீல்ஸ் எடுத்துப் போட வேண்டும்.

என் கருத்து நேர் எதிர். மழைக்காலத்தில் ஊர் மண் ரோட்டிலும் காட்டோரப் பாதையிலும் நம் வண்டிகள் இறங்கவே கூடாது. இதைக் குழுவில் சொன்னதும் ஒருவர் கேட்டார்: "அப்புறம் எதுக்கு சார் ஃபோர் பை ஃபோர், ஒரு ஆல்ட்டோ வாங்கியிருக்கலாமே?" நியாயமான கேள்விதான். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் மண் விஷயம். காய்ந்த செம்மண் பாதை நல்ல கெட்டி. டிராக்டரையே தாங்கும். அதே மண் ஊறிவிட்டால் பிடிப்பை இழந்துவிடும். அதன் மேல் இரண்டு டன் வண்டி, முரட்டுக் கட்டைகள் உள்ள மட் டெரைன் டயரோடு ஏறினால் டயர் மண்ணை அள்ளிப் பின்னால் வீசும். வீசுவதற்காகவே அமைக்கப்பட்ட டயர் அது, கட்டைகளுக்கு நடுவே சேறு அடைக்கக் கூடாது இல்லையா? முதல் வண்டி போனதும் இரண்டு பக்கமும் தடம் விழும். பத்தாவது வண்டி போகும்போது அது முழங்கால் ஆழப் பள்ளம். பாதை சரிவில் இருந்தால், அடுத்த மழையில் தண்ணீர் அந்தப் பள்ளத்தைத்தான் வாய்க்காலாக எடுத்துக்கொள்ளும். சக்கரம் கீறிவிட்டதைத் தண்ணீர் அறுக்கும். நாம் ஊருக்குத் திரும்பி வண்டியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி முடித்த பிறகும் அந்த வேலை அங்கே நடந்துகொண்டே இருக்கும்.

அதற்கு அப்புறம் வருபவர் பள்ளத்தில் இறங்கப் பயந்து ஓரமாக ஏற்றுவார். ஓரத்துப் புல் போகும், வேர் போகும், பாதை அகலமாகும். நடுவில் ஒரு திட்டு மட்டும் மேடாக நிற்கும். தார் வண்டியின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் இடையே 226 மில்லிமீட்டர் இருக்கிறது, தாண்டிவிடும். ஷேர் ஆட்டோவும் பால் வண்டியும் அடி தட்டி நிற்கும். மழை ஓய்ந்து வெயில் அடித்ததும் அந்தத் தடம் அப்படியே இறுகிவிடும். டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் பின்னால் புல்கட்டு வைத்துக்கொண்டு வருபவரின் முன்சக்கரம் அதில் ஒருமுறை இறங்கினால் வெளியே எடுக்க முடியாது. விழத்தான் வேண்டும்.

என் அம்மா ஊர் தேன்கனிக்கோட்டைக்கும் அஞ்செட்டிக்கும் நடுவில். மாமா அங்கேதான் இன்னும் மாடு வைத்திருக்கிறார். தார் ரோட்டில் உள்ள பால் சொசைட்டிக்கு வர அவருக்கு ஒரு மண் ரோடுதான் வழி. ஒரு தீபாவளிக்குப் போனபோது என் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏம்பா மாப்ள, போன வாரம் கர்நாடகா வண்டி ஆறேழு இந்தப் பக்கம் வந்துச்சே, அது உங்க ஆளுங்களா?" என்று கேட்டார். எனக்கு யாரென்று தெரியாது. "நல்லவங்கதான், பசங்களுக்கு சாக்லேட்டெல்லாம் குடுத்தாங்க. ஆனா அந்த ஓடைப் பக்கம் ரோட்ட உழுதுட்டுப் போயிட்டாங்க. இனி பொங்கல் வரைக்கும் கேன தலையிலதான் தூக்கணும்" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார், அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

இந்த மாதிரி ரோடுகள் எப்படி வருகின்றன என்பதும் நம்மில் பலருக்குத் தெரியாது. மலைக் கிராமங்களில் கர்ப்பிணியைத் தூளி கட்டித் தூக்கிவந்த செய்திகளை எல்லோரும் படித்திருப்போம். அங்கே ஒரு பாதை போட வேண்டுமானால் அது வனநிலம். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தில் இதற்கென்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். சாலை, பள்ளி, ரேஷன் கடை, குடிநீர் என 13 வகைத் தேவைகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலம், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது, கிராம சபையின் பரிந்துரை வேண்டும். இத்தனை படி ஏறி இறங்கி ஒரு ஊர் வாங்கிய பாதையில்தான் நாம் "டிரெயில் செமையா இருக்கு" என்று எழுதுகிறோம்.

சரி, ஊர்ப் பாதை வேண்டாம், காட்டுக்குள்ளேயே போகலாம் என்பவர்களுக்கு. பெங்களூருக்குத் தெற்கே பன்னேர்கட்டாவில் தொடங்கி காவிரிக்கரை வரை காடு கிட்டத்தட்டத் தொடர்ச்சியாகப் போகிறது. கர்நாடகப் பக்கம் காவிரி வனவிலங்கு சரணாலயம். தமிழ்நாட்டுப் பக்கம் காவிரி வடக்கு சரணாலயம் 2014இல் வந்தது, காவிரி தெற்கு 2022இல். அதாவது பத்து வருடத்துக்கு முன்னால் ஏதோ ஒரு குழு போய்வந்து பதிவேற்றிய ஜி.பி.எஸ். தடம் இன்று சரணாலயத்துக்குள் இருக்கலாம். கூகுள் மேப்பில் கோடு இருப்பது அனுமதி ஆகாது. அந்தக் கோடுகளில் பல வனத்துறை ரோந்து ஜீப் போகிற தடம், அல்லது கோடையில் தீ பரவாமல் இருக்கப் புல்லைச் செதுக்கிவிட்ட தீத்தடுப்புக் கோடு. சரணாலயத்துக்குள் யார் நுழையலாம் என்று 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 27ஆவது பிரிவு எண்ணிச் சொல்லியிருக்கிறது: பணியில் உள்ள அரசு ஊழியர், அனுமதி வாங்கியவர், உள்ளே நிலபுலன் உள்ளவர், பொதுச் சாலை வழியாகக் கடந்து போகிறவர், பிறகு முதல் மூவரைச் சார்ந்தவர்கள். அந்த நாலாவது ஆள்தான் நாம். பொதுச் சாலையில் கடந்து போகலாம், அவ்வளவுதான். சாலையை விட்டு இறங்கியதும் நாம் சுற்றுலாப் பயணி இல்லை, அத்துமீறியவர்.

"கிரானைட் டிப்பர் பண்ணாத சேதத்தையா நம்ம ஜீப் பண்ணிடப் போகுது?" என்று ஒரு வாதம் எப்போதும் வரும். உண்மைதான். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் டிப்பர் ஓடும் கிராம ரோட்டைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஆனால் டிப்பரைப் பற்றிப் புகார் கொடுக்க, மறியல் செய்ய, பஞ்சாயத்தில் கேட்க அந்த ஊர்க்காரர்களால் முடிகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை வந்து மதியம் போய்விட்ட ஏழு வண்டிகளை யாரிடம் போய்க் கேட்பார்கள்?

ஓடைக்குள் இறங்குவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். தாருக்கு 650 மில்லிமீட்டர் தண்ணீர் வரை இறங்கலாம் என்று கம்பெனி சொல்கிறது. அது நிற்கிற தண்ணீருக்கு. ஓடுகிற தண்ணீரில், அடியில் பாறையா குழியா என்று தெரியாத காட்டாற்றில் அந்த எண்ணுக்கு மதிப்பே இல்லை. காற்று உறிஞ்சும் குழாய் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போனால், காற்றைப் போல அது அமுங்காது. பிஸ்டன் மேலே வரும், இடம் இருக்காது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும். எஞ்சின் செலவு சில லட்சம். இது நம் நஷ்டம், போகட்டும். ஆக்ஸிலில் ஒட்டியிருக்கும் எண்ணெயையும் கிரீஸையும் ஓடையில் கழுவிவிட்டு வருகிறோமே, அதன் கீழே மாடு தண்ணீர் குடிக்கிறது.

இப்போது ஆல்ட்டோ கேள்விக்கு வருகிறேன்.

ஃபோர் பை ஃபோரில் எனக்குப் பிடித்தது லோ ரேஞ்ச். வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில் இன்னொரு பல்சக்கர ஜோடி சேர்ந்து, எஞ்சின் அதே வேகத்தில் சுற்ற, சக்கரம் பாதிக்கும் குறைவான வேகத்தில் சுற்றும். இழுவை அந்த அளவுக்குக் கூடும். ஆக்சிலரேட்டரைத் தொடாமல் வண்டி ஒரு பாறை ஏற்றத்தில் ஆள் நடக்கிற வேகத்தில் ஏறும். இறக்கத்தில் பிரேக்கை மிதிக்காமல் எஞ்சினே பிடித்துக்கொண்டு இறக்கிவிடும். டயர் காற்றை முப்பத்து மூன்றிலிருந்து இருபது பி.எஸ்.ஐ.க்கு இறக்கினால் டயர் தரையில் நீளமாகப் படியும், சுழன்று மண்ணைப் பறிக்காது. தார் ரோட்டுக்கு ஏறும் முன் கம்ப்ரசர் வைத்து மறுபடி ஏற்றிக்கொள்ள வேண்டும், இதில் சோம்பல் கூடாது. இந்த வண்டியின் அறிவு முழுக்க மெதுவாகப் போவதில்தான் இருக்கிறது. நாம் அதை வாங்கிவந்து சேற்றில் நாலு சக்கரத்தையும் சுழலவிட்டு எஞ்சினை அலறவைக்கிறோம். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டுநர்களைப் பாருங்கள். பழைய வண்டி, சாதாரண டயர், ஒரு கல்லைக்கூடத் தெறிக்கவிடாமல் ஏற்றுவார்கள். நாளைக்கும் அவர்களுக்கு அதே பாதைதான் சோறு போட வேண்டும் என்பதால் வருகிற நிதானம் அது.

சேற்றில் ஆடித்தான் தீர வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. பெங்களூர் புறநகரில் தனியார் நிலத்தில் இதற்கென்றே பள்ளமும் மேடும் வெட்டித் தளம் வைத்திருக்கிறார்கள். காசு கட்டி நாள் முழுக்க உழலாம். யாருடைய பாலும் நிற்காது.

அப்படியானால் ஊர்ப்பாதைக்கு எப்போது போவது? சிக்கல் இல்லாத மாதமே கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிப்ரவரி முடிவிலிருந்து ஏப்ரல் வரை காடு காய்ந்து கிடக்கும். 2019 பிப்ரவரியில் பந்திப்பூர் எரிந்தது நினைவிருக்கும். ஓடி நிற்கும் வண்டியின் சைலன்சர் சூடு, அடியில் உள்ள காய்ந்த புல்லுக்குப் போதும். மழை ஓய்ந்த டிசம்பர், ஜனவரிதான் மண்ணுக்கு நல்ல காலம். ஆனால் ராகி அறுவடையை ஒட்டி பன்னேர்கட்டா, காவிரிப் பக்கத்திலிருந்து யானைக் கூட்டங்கள் தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர் காடுகளுக்கு வருவதும் அப்போதுதான். அதனால் காலை வெளிச்சம் வந்த பிறகு கிளம்பி மாலை நாலு, நாலரைக்குள் பெரிய ரோட்டுக்கு வந்துவிட வேண்டும். ராத்திரி சாகசம் வேண்டவே வேண்டாம். இன்னொன்று: அறுவடைக் காலத்தில் கொள்ளும் ராகியும் ரோட்டிலேயே பரப்பியிருப்பார்கள், போகிற வண்டிகள் மிதித்துக் கதிர் உதிரட்டும் என்று. கொள்ளுச் செடி அடியில் சுற்றிக்கொண்டு சூட்டில் பற்றியதால் கார் எரிந்த கதைகள் கர்நாடகத்தில் உண்டு. தாண்டியதும் ஓரமாக நிறுத்திக் குனிந்து பார்ப்பது நல்லது.

பொதுச் சாலைகளே நமக்கு எக்கச்சக்கம். ஆனேக்கல், தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் வழியாக ஒகேனக்கல். அல்லது ஹனூர், ராமாபுரம், கர்கேகண்டி வழியாகப் பர்கூர் மலை ஏறி அந்தியூர். வழியில் செம்மண்ணும் வெள்ளையும் கலந்த நிறத்தில் பர்கூர் மாடுகள் மந்தையாக நிற்கும். பெரும்பகுதி தார் ரோடுதான், ஆல்ட்டோவே போகும், ஒப்புக்கொள்கிறேன். நடுவில் கிளை பிரியும் ஊர் ரோடுகளில்தான் லோ ரேஞ்சுக்கு வேலை. அங்கே முதல் டீக்கடையில் நிறுத்தி, "அண்ணா, இந்தப் பக்கம் வண்டி போகலாமா, ரோடு காஞ்சிருக்கா?" என்று கேட்டுவிட்டு இறங்குங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்.

டிசம்பர் கடைசியில் நான் தளி வழியாக அஞ்செட்டிப் பக்கம் போகலாம் என்று இருக்கிறேன். மூன்று வண்டி, அதற்கு மேல் இல்லை. மட் டெரைன் டயர் வேண்டாம், எல்லாத் தரைக்கும் பொதுவான ஆல் டெரைன் போதும். டிரோன் கொண்டுவருகிறவர்கள் வேறு குழுவைப் பார்த்துக்கொள்ளவும். முந்தின வாரம் மழை பெய்தால் பயணம் ரத்து, அட்வான்ஸ் என்று எதுவும் வாங்கவில்லை, ஆகவே சண்டைக்கு வராதீர்கள். வருகிறவர்கள் கமெண்டில் வண்டியின் பெயரைப் போடுங்கள்.