கொம்பு யாருடையது?

ஆஸ்டின் ஸ்டேடியத்தில் எடுத்த போட்டோ ஒன்றைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஆள்காட்டி விரலும் சுண்டுவிரலும் மேலே, நடுவில் உள்ள இரண்டையும் மடக்கிக் கட்டைவிரலால் பிடித்தபடி நிற்கிறேன். ஐந்து நிமிடத்தில் மாமா: "என்ன மாப்ள, அங்கேயும் பாபா முத்திரையா?" பரதம் கற்ற சித்தி மகள், "அது சிம்மமுகம், ஆனா நீ தப்பாப் பிடிச்சிருக்க" என்றாள். சிங்கமும் இல்லை, பாபாவும் இல்லை, டெக்சஸில் அது மாடு. நீளக்கொம்பு லாங்ஹார்ன் மாடு, ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் சின்னம். இத்தாலியில் இதையே ஒருவனைப் பார்த்துக் காட்டினால் 'உன் பெண்டாட்டி உனக்குத் துரோகம் செய்கிறாள்' என்று அர்த்தம். 2005இல் புஷ் குடும்பம் பதவியேற்பு விழாவில் இதைக் காட்டியபோது நார்வேக்காரர்கள் சாத்தானுக்கு வணக்கமா என்று மிரண்டார்கள்.

அந்தப் பல்கலைக்கழகம் சொல்லும் கதை இது. 1955, டி.சி.யு.வோடு (டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம்) அமெரிக்கக் கால்பந்து ஆட்டம். அதற்கு முன் கிரிகரி ஜிம்மில் உற்சாகக் கூட்டம். சியர்லீடர்களின் தலைவர் ஹார்லி கிளார்க் மேடையில் கையைத் தூக்கி, இனி இதுதான் நம் சின்னம் என்று அறிவித்துவிட்டார். ஆட்டத்தன்று ஸ்டேடியம் முழுக்கக் கொம்பு. ஆட்டத்தில் 47-20 என்று உதை வாங்கினார்கள், கதை சொல்கிறவர்கள் அந்த இடத்தில் கொஞ்சம் வேகமாகப் போவார்கள். கிளார்க்குக்கு அந்த யோசனையைக் கொடுத்தவர் ஹென்றி பிட்ஸ் என்கிற மாணவர். சுவரில் கைநிழல் விளையாட்டு விளையாடும்போது கண்ணில் பட்டதாம். கரண்ட் போன ராத்திரிகளில் சிம்னி விளக்கு முன்னால் மான், நாய், பருந்து என்று நாம் காட்டினோமே, அதே வேலைதான். நிழலில் மாட்டைப் பார்த்தவர் ஒருத்தர், மேடையில் தூக்கியவர் இன்னொருத்தர், பெயர் பெரும்பாலும் மேடைக்குத்தான்.

யார் முதலில் செய்தது என்று இங்கே உள்ளவர்கள் அடித்துக்கொள்வதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒன்றுதான் தோன்றும். யாரை வெறுப்பேற்றச் செய்தீர்கள் என்று கேளுங்கய்யா, மற்றதெல்லாம் தானாக வரும். ஆஸ்டின்காரர்களுக்குக் கைக்குறி தேவைப்பட்டதே பரம எதிரியான டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்திடம் ஏற்கெனவே ஒன்று இருந்ததால்தான். அதுதான் கட்டைவிரல். 1930இல், அதுவும் இதே டி.சி.யு. ஆட்டத்துக்கு முன்னால், பிங்கி டவுன்ஸ் என்ற பழைய மாணவர் "அந்த ஹார்ன்ட் ஃபிராக்ஸை என்ன செய்யப்போகிறோம்?" என்று கேட்டுவிட்டு, "கிக் எம்!" என்று கட்டைவிரலைத் தூக்கினாராம். கிக் என்றால் காலால் உதைப்பது இல்லை, தவளை குத்துகிற ஈட்டி. இதில் வேடிக்கை, டி.சி.யு.வின் சின்னமான ஹார்ன்ட் ஃபிராக் தவளையே கிடையாது, முள் முள்ளாக இருக்கும் ஓணான் ஜாதி. இல்லாத தவளைக்கு ஈட்டி! வெறும் கட்டைவிரலைத் தூக்குவதை ஒரு மனிதர் ஒரு ராத்திரியில் கண்டுபிடித்தார் என்பதை நான் நம்பத் தயாரில்லை. ஆனால் யார் மேல் கோபம் என்பதை அந்தக் கதை மறைக்கவில்லை, அந்த நேர்மை பிடித்திருக்கிறது.

ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தின் கதை இன்னும் மேல். 1953இல் ஆஸ்டினுக்கு முதல் ஆட்டத்துக்கு வந்தபோது அவர்களுடைய சின்னமான ஷாஸ்டா என்ற கூகரின் (மலைச்சிங்கம்) கால் கூண்டுக் கதவில் சிக்கி ஒரு விரல் போய்விட்டது. டெக்சஸ்காரர்கள் மோதிரவிரலை மடக்கிக் காட்டிக் கிண்டல் செய்தார்கள். ஹூஸ்டன் அந்தக் கிண்டலையே எடுத்துத் தன் சின்னமாக வைத்துக்கொண்டது. டெக்சஸ் டெக் பல்கலைக்கழகத்தின் துப்பாக்கி விரலும் லாங்ஹார்ன் கொம்பைப் பார்த்துப் பார்த்து எரிச்சலான ஒரு பழைய மாணவரின் வேலைதான். கொம்பைத் தலைகீழாகக் காட்டியதற்கு ஆட்டத்தில் அபராதமே போட்டிருக்கிறார்கள், 2018இல் வெஸ்ட் வர்ஜீனியா அணிக்கு 15 கெஜம் அபராதம்.

அப்புறம் 'பன்னிரண்டாவது ஆள்'. நமக்கு டுவெல்த் மேன் என்றால் வாட்டர் பாட்டில் தூக்குகிறவர். ஏ அண்ட் எம்மில் அவர் தெய்வம். 1922 ஜனவரி 2, டாலஸ், சென்டர் கல்லூரியோடு ஆட்டம். ஆட்கள் ஒவ்வொருவராக அடிபட்டு விழ, பத்திரிகையாளர் மேடையில் இருந்த கிங் கில் என்ற மாணவரைப் பயிற்சியாளர் கீழே கூப்பிட, அவர் அடிபட்டவரின் உடையை மாட்டிக்கொண்டு ஓரமாகத் தயாராக நின்றார். கடைசி வரை இறங்கவில்லை, அணி 22-14 என்று ஜெயித்தது. நல்ல கதை, உண்மையும்கூட. ஆனால் ரசிகர்களைப் பன்னிரண்டாவது ஆள் என்று சொல்வது 1900இலேயே மினசோட்டா பல்கலைக்கழகப் பத்திரிகையில் வந்துவிட்டது. இருந்தும் 1990இல் அந்தச் சொல்லை டிரேட்மார்க் செய்துகொண்டு, 2006இல் சியாட்டில் சீஹாக்ஸ் என்ற தொழில்முறைக் கால்பந்து அணி மேல் கேஸ் போட்டது ஏ அண்ட் எம். நிற்கிற ஆளைக் கொண்டாடுங்கள், சரி, வார்த்தைக்குப் பட்டா எதற்கு?

இதை ஆபீஸில் ஏ அண்ட் எம்மில் படித்த நண்பரிடம் சொன்னால் அவர் உடனே பீவோவுக்குத் தாவுவார். பீவோ லாங்ஹார்ன்களின் காளை. டிஷ்யூ பேப்பரில் 13-0 என்று எழுதுவார், 1915இல் அவர்கள் ஜெயித்த ஸ்கோர். "இதை நாங்கள் அந்த மாட்டின் மேல் சூடு போட்டோம். டி.யு.காரர்கள் வெட்கம் தாங்காமல் மாற்றிவிட்டார்கள்" என்று (டெக்சஸ் பல்கலைக்கழகத்தை எல்லோரையும் போல யு.டி. என்று ஒருநாளும் சொல்லமாட்டார்) 1ஐயும் 3ஐயும் ஒட்டி ஆங்கில 'பி' ஆக்குவார், நடுக்கோட்டை 'ஈ' ஆக்குவார், ஒரு 'வி'யைச் செருகுவார், பூஜ்யம் 'ஓ'. அட, பீவோ! எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது பாருங்கள். பொருந்துகிறதே தவிர நடக்கவில்லை. சூடு போட்டது 1917 பிப்ரவரி, பீவோ என்ற பெயர் ஆஸ்டின் பழைய மாணவர் இதழில் 1916 டிசம்பரிலேயே அச்சாகிவிட்டது. 1920இல் அந்த மாட்டை அறுத்து விருந்து வைத்தபோது, 13-0 இருந்த தோலை ஏ அண்ட் எம்காரர்களிடமே கொடுத்தார்கள்.

சொன்னேன். மனுஷன் முகம் வாடும் என்று பார்த்தால் டிஷ்யூவைக் கசக்கிப் போட்டுவிட்டுச் சிரிக்கிறார். "அப்போ கடைசி வரைக்கும் 13-0 அழியவே இல்லையா?"