கல்லடிக் கடற்கரையில் படம் பிடித்த தம்பிக்கு

தம்பி, நீங்கள் போட்ட அந்த வீடியோவை எல்லாரும் பார்த்துவிட்டார்கள். மெசின் பெட்டியிலிருந்து, அதுதான் உழவு இயந்திரத்தின் இழுவைப் பெட்டியிலிருந்து, இறங்கிய சனம், சேலையோடு அலைக்குள் நின்று தண்ணீரை அள்ளித் தலையில் தெளித்துக் கும்பிட்ட அம்மா, மேலே "கடலக் காணாத படுவான்கரைக் கூட்டம்" என்று ஒரு வரி. படுவான்கரை என்பது மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே கிடக்கும் எங்கள் பக்கம்; உங்கள் கல்லடி வாவிக்கும் கடலுக்கும் இடையே. சிரித்து லைக் போட்டவர்களில் பாதிப் பேர் என் நண்பர்கள். நல்லா இருங்கள்.

அந்த அம்மா செய்ததில் சிரிக்க என்ன இருக்கிறது? ஆடி அமாவாசைக்குத் திருக்கோவில் கடலில் தீர்த்தமாடும்போது எங்கள் சனம் அப்படித்தான் செய்யும். என் பெத்தாவுக்கு, அம்மம்மாவுக்கு, கடல் என்றால் அதுதான். வெல்லாவெளியிலிருந்து வண்டில் கட்டிப் போவோம். மாமா பெத்தப்பாவுக்குப் பிதிர்க்கடன் முடிக்கும்வரை ஈரமணலில் நிற்பா. பிறகு முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு இறங்கி முழுகுவா. மறுகா எங்களுக்குக் கச்சான் வாங்கித் தருவா. கால் எவ்வளவு நொந்தாலும் கடலைப் பார்த்துக் கால் நீட்டி இருக்கமாட்டா. கடலைத் தெரியாதவவாம்!

படுவான்கரைக்குக் கடல் தூரம், தூரம் என்கிறீர்கள். வரைபடத்தில் பாருங்கள், பெரிய தூரமே இல்லை. இடையில் வாவி கிடந்தது. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை அந்தத் துறையில் பாதைதான், ஆட்களை ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவை. அது அக்கரையில் நின்றால் வெயிலில் காய வேண்டும், வயிற்றுப்பிள்ளைக்காரியானாலும். இதற்குள் கடல் பார்க்கிற எண்ணம் யாருக்கு வரும்?

"பகிடிக்குப் போட்டது" என்பீர்கள். அந்த அம்மாவும் சிரித்தாவா என்று கேட்டுச் சொல்லுங்கள். "கல்லடிக் கடல் பொல்லாதது, பழக்கமில்லாதவர்கள் இறங்கக்கூடாது" என்று ஒருவர் எழுதியிருந்தார். சரி, நியாயம். போனைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய் அதைச் சொல்லியிருக்கலாமே. குப்பை போடுகிறார்கள் என்பவர்களுக்குப் பதில் இல்லை. அங்கே கிடக்கும் பியர் ரின் எல்லாம் மெசின் பெட்டியிலா வந்தது?

ஞாயிறு என்றால் உன்னிச்சைக் குளத்துக்கு வருகிறீர்கள். தூரத்தில் ஒரு யானை தெரிந்தால் கூக்குரல், செல்பி. "யானை காணாத கூட்டம்" என்று நாங்கள் போட்டோமா? அந்த யானைக்குப் பயந்து பரணில் இரவிரவாக விழித்திருப்பவனின் நெல்தான் உங்கள் வீட்டுப் பானையில். சொல்லிக்காட்டக் கூடாது என்றுதான் இருந்தேன்.

2004 டிசம்பரில் கல்லடியும் நாவலடியும் அழிந்த செய்தி வந்தபோது எங்கள் முற்றத்தில் கல் வைத்து அடுப்பு மூட்டினோம். கறிக்கு வழியில்லை, பருப்பும் சம்பலும்தான். பார்சல் கட்டிப் பாதையில் ஏற்றிவிட்டோம். அன்றைக்கு யாரும் எங்களை எந்தக்கரை என்று கேட்கவில்லை.

வீடியோவை இன்னும் நீக்கவில்லை. நேற்றிரவு புதிதாக ஒரு கொமெண்ட்: "என்ன இருந்தாலும் படுவான்கரைத் தயிர் நல்லம்." மச்சான், மயிலத்தமடு மாதவணை மேய்ச்சல் தரைக்காக மாட்டுக்காரர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் போராட்டத்தில் குந்தினார்களே, அந்தப் பக்கம் நீ போனாயா? தயிர் சும்மா வருகிறதென்றா நினைக்கிறாய்?