"எத்தனை சதவீதம் வாய்ப்பு?" என்று என்னிடம் கேட்காதீர்கள்

பிள்ளைக்கு அமெரிக்காவில் இசைக் கல்லூரியில் இடம் கிடைக்குமா என்று இந்த வாரம் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஜிபிஏ (பள்ளி மதிப்பெண் சராசரி) இவ்வளவு, எஸ்ஏடி (கல்லூரி நுழைவுக்கான தேர்வு) இவ்வளவு, பத்து வருஷமாக வயலின், இளைஞர் ஆர்கெஸ்ட்ராவில் முன்வரிசை, இதை வைத்து நியூயார்க்கில் இருக்கிற கலைக் கல்லூரி ஜூலியார்ட் கிடைக்குமா, மிச்சிகன் கிடைக்குமா, தோராயமாகவாவது ஒரு சதவீதம் சொல்லுங்கள் என்று. போன வருஷம் என் மகன் வயலினுக்கு விண்ணப்பித்தான் என்பதால் என்னிடம் வருகிறார்கள். மூன்று பேருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன். எனக்குத் தெரியாது. பிள்ளை வாசித்து ஒரு தடவைகூடக் கேட்காத யாருக்கும் தெரியாது. தெரியும் என்று சொல்பவரிடம் தயவுசெய்து காசு கட்டாதீர்கள்.

மற்ற படிப்புகளுக்கு மதிப்பெண்ணை வைத்து ஓரளவாவது கணக்குப் போடலாம். இசை, நடிப்பு, நடனத்துக்கு அந்தக் கணக்கு உதவாது, ஏனென்றால் இங்கே முதல் கேள்வியே எத்தனை இடம் காலி என்பதுதான். ஜூலியார்டில் நடனத்துக்கு வருஷத்துக்கு 24 பேர், அவ்வளவுதான். பிலடெல்பியாவில் இருக்கிற கர்டிஸ் என்ற இசைக் கல்லூரி 1928-இலிருந்து யாரிடமும் படிப்புக் கட்டணம் வாங்குவதில்லை, அங்கே மொத்தப் பள்ளியிலும் சேர்த்தே சுமார் 160 பேர்தான், ஒரு ஆர்கெஸ்ட்ராவுக்கு என்ன வேண்டுமோ அந்த அளவில்தான் ஆள் எடுப்பார்கள். இந்த வருஷம் ஒபோ என்ற ஊதுகருவி வாசிப்பவர் யாரும் படிப்பு முடித்து வெளியே போகவில்லை என்றால், உங்கள் மகள் எவ்வளவு அருமையாக ஒபோ வாசித்தாலும் உட்கார நாற்காலி இருக்காது. புல்லாங்குழல்காரர்கள் நிலைமை இன்னும் கஷ்டம். ஆர்கெஸ்ட்ராவுக்கு மூன்று நான்கு பேர் போதும், வரிசையில் நிற்பதோ கூட்டம் கூட்டமாக. மிச்சிகன் பல்கலைக்கழகம் வருஷத்துக்கு ஆயிரக்கணக்கானவர்களைச் சேர்க்கிறது என்பதைப் பார்த்துவிட்டு அங்கே மியூசிக்கல் தியேட்டருக்கும் (பாட்டும் ஆட்டமும் சேர்ந்த நாடகப் படிப்பு) அதே வாய்ப்பு என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பிரிவில் ஒரு வருஷத்து மாணவர்கள் எல்லாரும் ஒரே வகுப்பறைக்குள் அடங்கிவிடுவார்கள்.

அப்புறம் ப்ரீஸ்கிரீன், அதாவது வீடியோவைப் பார்த்து முதல் வடிகட்டல். இதைப் பற்றி யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை என்பது என் பெரிய ஆதங்கம். பெரிய பள்ளிகள் பலவற்றில் நேரில் ஆடிஷனுக்குக் கூப்பிடுவதற்கு முன்னால் வீடியோ அனுப்ப வேண்டும், அதிலேயே பாதிக் கதை முடிந்துவிடும். ஒரு பாட்டை நடுவில் வெட்டி ஒட்டக் கூடாது, ஒரே மூச்சில் வாசிக்க வேண்டும். நவம்பர் கடைசியில் ஒரு ராத்திரி, பாக் என்ற இசைமேதை தனி வயலினுக்கு எழுதிய பாகம், பதினான்காவது தடவை, கடைசி வரிக்கு வந்துவிட்டான், சமையலறையில் பாத்திரம் கழுவும் மெஷின் வேலை முடிந்ததென்று மூன்று தடவை கத்தியது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. வயலினைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டான். அந்த மெஷினை ஓட விட்டது நான்தான். இன்றைக்கும் அந்தச் சத்தம் கேட்டால் வயிற்றைப் பிசைகிறது.

பிப்ரவரியில் ஆடிஷன். ஒரு நீளமான நடைபாதை, இரண்டு பக்கமும் மூடிய கதவுகள், ஒவ்வொன்றுக்கும் பின்னாலிருந்து அதே கான்செர்ட்டோவின் அதே முதல் பக்கம் வெவ்வேறு வேகத்தில் வருகிறது. என் பிள்ளை அபூர்வம் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அந்த நடைபாதையில்தான் விஷயம் புரிந்தது. உள்ளே போனவன் பத்து நிமிஷத்தில் வெளியே வந்தான். பாதியிலேயே "போதும், நன்றி" என்று நிறுத்திவிட்டார்களாம், முகம் வெளுத்திருந்தது. நேரம் குறைவு என்பதால் எல்லாரையும் அப்படித்தான் நிறுத்துவார்கள் என்று பிறகு தெரிந்தது. அந்தப் பள்ளியில்தான் இப்போது படிக்கிறான். முழுசாக வாசிக்க விட்டு, சிரித்துப் பேசி, கேள்வியெல்லாம் கேட்டு அனுப்பிய இடத்தில் கிடைக்கவில்லை. ஆடிஷன் அறையில் இருந்தவனுக்கே கணிக்க முடியாததை நான் எப்படிச் சதவீதத்தில் சொல்வது?

மதிப்பெண் வேண்டவே வேண்டாமா என்றால், அப்படியும் இல்லை. தனி கன்சர்வேட்டரிகளில், அதாவது இசைக்கென்றே இருக்கும் கல்லூரிகளில், வாசிப்புதான் பெரும்பாலும் தீர்மானிக்கும். பல்கலைக்கழகத்துக்குள் இருக்கும் இசைப் பள்ளி என்றால் இரண்டு கதவுகள், வாசிப்புக்கு ஒன்று, படிப்புக்கு ஒன்று. ஓபர்லின் என்ற இடத்தில் இசையும் வேறு பாடமும் சேர்ந்த இரட்டைப் பட்டத்துக்குக் கல்லூரியும் கன்சர்வேட்டரியும் தனித்தனியாகச் சரி சொல்ல வேண்டும். என் மகனுக்கு ஒரு இடத்தில் பேராசிரியரே உன் வாசிப்பு பிடித்திருக்கிறது என்று எழுதினார், மூன்று வாரம் கழித்துப் பல்கலைக்கழகம் இல்லை என்றுவிட்டது. இரண்டு நாள் அவன் சரியாகச் சாப்பிடவில்லை.

நம் ஆட்கள் அடிக்கடி கேட்பது இன்னொன்று: பரதநாட்டிய அரங்கேற்றம் முடிந்துவிட்டது, அது உதவுமா? நடனத்தை மேஜராக (முக்கியப் பாடமாக) எடுக்கப்போகிறாள் என்றால், பெரும்பாலான பிரிவுகளில் ஆடிஷனே பாலே, மாடர்ன் வகுப்பாகத்தான் நடக்கும், அதற்குத் தனியாகத் தயாராக வேண்டும். வேறு படிப்புக்குப் போகிறாள், கலையைக் கூடுதலாகக் காட்டுகிறாள் என்றால், சப்ளிமென்ட் (விண்ணப்பத்தோடு சேர்த்து அனுப்பும் கலைப் பதிவு) வாங்கும் இடங்களில் நல்ல வீடியோ அனுப்பலாம். அழைப்பிதழும் மலரும் வேண்டாம், ஆட்டத்தை அனுப்புங்கள். வெஸ்லியன் மாதிரி இடங்களும் இருக்கின்றன, 1960களிலேயே நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியும் அவர் தம்பி ரங்கநாதனும், பிறகு இன்னொரு தம்பி விஸ்வநாதனும் போய்க் கற்றுக்கொடுத்த பல்கலைக்கழகம். அங்கே வர்ணம் என்றால் என்னவென்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

சரி, யாரிடம்தான் கேட்பது? பிள்ளையை வாரா வாரம் கேட்கிற ஆசிரியரிடம் கேளுங்கள். "நன்றாக வாசிக்கிறான்" என்ற பதிலோடு எழுந்து வந்துவிடாதீர்கள். இதே பள்ளியில் சேர்ந்த உங்கள் பழைய மாணவர்கள் இந்த வயதில் எப்படி வாசித்தார்கள், இவன் அவர்களுக்குப் பக்கத்தில் நிற்கிறானா என்று கேளுங்கள். சேர நினைக்கும் பள்ளியின் பேராசிரியருக்கு எழுதி ஒரு ட்ரையல் பாடம் கேளுங்கள், நிறையப் பேர் ஒத்துக்கொள்கிறார்கள், அந்த ஒரு மணி நேரத்தில் அவருக்கும் பிள்ளைக்கும் ஒத்துப்போகுமா என்பதும் தெரிந்துவிடும். அவருடைய வகுப்பில் அடுத்த வருஷம் எத்தனை இடம் காலியாகிறது என்று கூச்சப்படாமல் கேளுங்கள். இதையெல்லாம் கோடையிலேயே செய்யுங்கள், ஏனென்றால் பல பள்ளிகளுக்கு டிசம்பர் 1 கடைசித் தேதி. ரெக்கார்டிங்கை அக்டோபரிலேயே முடித்துவிடுங்கள். அன்றைக்கு வீட்டில் எந்த மெஷினும் ஓட வேண்டாம்.