பத்து நாளில் கடலுக்குப் போக முடியாது

தம்பி, "எடை குறைப்பு ஆபரேஷனுக்கு ஆம்பளைக்கு என்ன தயாரிப்பு, போய்ப் படுத்தால் போதும், பத்தே நாளில் கடலுக்குப் போயிரலாம்" என்று எழுதியிருக்கீங்க. பாம்பன், மண்டபம் பக்கம் யாராவது இதை நம்பிக் கிளம்பிவிடக் கூடாது.

இந்த ஆபரேஷனில் ஒரு வகையான ஸ்லீவ் முறையில் இரைப்பையில் முக்கால் பங்கு போல வெட்டி எடுத்துவிடுவார்கள், அது திரும்ப வராது. அதற்கு முன் வழக்கமாக 2 வாரம் போலக் குறைந்த கலோரி உணவு; கல்லீரல் சுருங்கினால்தான் டாக்டருக்கு உள்ளே இடம் கிடைக்கும். பீடி, சிகரெட்டைச் சில வாரங்கள் முன்பே விடணும், இல்லையென்றால் புண் ஆறுவது சிரமம். பலமாகக் குறட்டை விடுகிறவர் தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று சோதித்துக்கொள்ள வேண்டும். ஆண்களிடம் இது அதிகம்.

மனசைப் பற்றி நீங்கள் பேசவே இல்லை. கரையேறியதும் அலுப்புக்கு ஒரு தட்டு நிறையச் சோறு, கூடவே ஒரு குவார்ட்டர் என்று பழகியவருக்கு இரண்டும் ஒரே நேரத்தில் கைவிட்டுப் போகும். ஆபரேஷனுக்குப் பின் மது சீக்கிரம் தலைக்கேறும், குடிக்கு அடிமையாகும் ஆபத்தும் உண்டு. மனநல ஆலோசனைக்கு அனுப்புவது இதையெல்லாம் பேசத்தான். வெட்கப்படாமல் மனைவியையும் கூட்டிப் போங்கள்.

ஐஸ் பெட்டி தூக்க, வலை இழுக்க 4 முதல் 6 வாரம் கூடாது என்பார்கள். தண்ணீரும் மடக்மடக்கென்று இறங்காது, கொஞ்சங்கொஞ்சமாகத்தான். வெயிலில் அது பெரிய சிரமம். சரி, விசைப்படகுக்காரர் என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தின் தொடக்கத்தில் தேதி கிடைக்குமா என்று டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.